குளத்துப் பாசி கொடுத்த கண்ணொளி

மாரி மழை பெய்து ஓய்ந்தபின் முற்றத்துப் பள்ளங்களிலும் வயல் வரம்போரங்களிலும் தேங்கிநிற்கும் நீர், சில நாட்களுக்குள் இளம்பச்சை நிறங் கொள்வதை நம்மிற் காணாதவர் இலர். "பாசி பிடித்துவிட்டது" என்று சொல்லி அதனை ஒதுக்கிவிடுகின்றோம். கால் வழுக்குமென்று பிள்ளைகளை எச்சரிக்கின்றோம். கிணற்றுக்கட்டிலே படிந்தால் தேய்த்துக் கழுவுகின்றோம். அதற்குமேல் அதனைப் பொருட்படுத்துவார் அரியர்.

ஆயினும், அந்தப் பச்சை நீரின் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினால், ஓயாது ஓடித் திரியும் எண்ணற்ற பச்சைப் புள்ளிகளைக் காணலாம். அவற்றுள் ஒன்று கிளமிடோமோனசு என்னும் பெயருடையது. உயர்தர வகுப்பில் உயிரியல் பயின்ற எவரும் இப்பெயரை மறந்திரார். பரீட்சைக்காக அதன் படத்தை வரைந்து வரைந்து சலித்தவர்களும் பலர். ஒரே கலத்தாலான உயிர் இது. நூறு உயிர்களை வரிசையாக நிறுத்தினாலும் ஒரு மில்லிமீற்றர் நீளமே தேறும். கிண்ணம் போன்ற ஒரு பச்சையவுருமணி, நீரை அளைந்து நீந்துவதற்கு முன்புறத்தில் இரு சவுக்குமுளைகள், பக்கவாட்டிலே செம்மஞ்சள் நிறமான ஒரு சிறு புள்ளி: பார்வைக்குப் புலனாகும் அதன் உடைமை ஏறத்தாழ இவ்வளவே. அந்தச் செம்மஞ்சட் புள்ளியை எமது பாடநூல்கள் கட்புள்ளி என்று கூறும். அதனை ஒட்டி அமைந்த ஒரு புரதத்தைப் பற்றியும், அத்தகைய புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு ஒரு மனிதரின் இருண்ட விழிக்குட் சென்ற வரலாற்றைப் பற்றியுமே இன்று எழுதப் புகுந்தோம்.

ஒளியைத் தேடும் உயிர்

முதலில் மாணவர்கள் தாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு சோதனை. பச்சை நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுங்கள். அதனைக் கறுப்புக் கடதாசியாற் சுற்றி, ஒரு பக்கத்தில் விரல் நுழையுமளவு துவாரம் வெட்டி, அத்துவாரம் வெளிச்சத்தை நோக்கும்படி சன்னலோரத்தில் வையுங்கள். நேர்வெயில் படலாகாது, மிகுந்த வெயிலைக் கண்டால் அவை எதிர்ப்பக்கம் ஓடிவிடும். ஓரிரு மணிநேரங் கழித்துக் கடதாசியை நீக்கினால், துவாரம் இருந்த இடத்திலே பச்சை நிறம் திட்டாகக் கூடியிருப்பதைக் காணலாம். எல்லாப் பாசியும் நீந்துவன அல்ல. ஆகையால் முதற் போத்தலில் ஒன்றும் நிகழாவிடின் வேறொரு குட்டையின் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும்.

பாசிக்கு வெளிச்சம் உணவு போன்றது. ஒளித்தொகுப்பினாலேயே அது மாப்பொருள் ஆக்கி உயிர் வாழ்கின்றது. ஆதலின் அது ஒளியை நாடுதல் வியப்பன்று. வியப்பிற்குரியது, கண்ணோ மூளையோ நரம்போ இல்லாத ஓருயிர் ஒளி எத்திசையில் உள்ளது என்பதை எங்ஙனம் அறிகின்றது என்பதே. 1860-களிலேயே ருசியத் தாவரவியலறிஞர் பமின்ற்சின் இவ்வகை உயிர்களின் ஒளி நாட்டத்தை ஆராய்ந்து எழுதினார். ஆனால் அதன் உட்பொருள் விளங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

கிளமிடோமோனசு நேரே நீந்துவதில்லை. தன் அச்சிலே சுழன்று சுழன்று, செக்கண்டுக்கு ஏறக்குறைய இரு சுற்று வீதம், திருகாணி மரத்திற் புகுவதுபோல் முன்னேறுகின்றது. கட்புள்ளி ஒரு பக்கத்தில் மாத்திரம் உண்டு. ஆகவே உயிர் சுழலுந்தோறும் அப்பக்கம் ஒளியை எதிர்கொண்டும் மறைந்தும் வருகின்றது. செம்மஞ்சட் புள்ளி தானாக எதனையும் காண்பதில்லை. பின்னிருந்து வரும் ஒளியைத் தடுத்து, முன்னிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்பும் திரையே அது. உண்மையாகக் காண்பது அத்திரைக்கு முன்னே கலத்தின் மென்சவ்வில் அமர்ந்திருக்கும் ஒரு புரதம். வெளிச்சமும் இருளும் மாறி மாறி வருவதைக் கொண்டு, சவுக்குமுளைகளுள் எதனை வலிந்து வீசுவது என்பதை அவ்வுயிர் தீர்மானிக்கின்றது.

அந்தப் புரதம் யாது? 1984-இல் அமெரிக்காவிலே கென்னத் பொஸ்ரர் என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு நுட்பமான சோதனை செய்தனர். நிறப்பொருள்களை ஆக்கும் ஆற்றலை இழந்த விகாரமான கிளமிடோமோனசு வகை ஒன்று உண்டு. ஒளியைக் காட்டினாலும் அது திரும்பாது. குருட்டுப் பாசி என்றே அதனைச் சொல்லலாம். அதற்கு ரெற்றினால் என்னும் பொருளைக் கொடுத்ததும் அது மீண்டும் ஒளியை நாடி நீந்தத் தொடங்கியது.

ரெற்றினால் என்பது விற்றமின் ஏ-யிலிருந்து உண்டாகும் பொருள். முருங்கையிலையிலும் பப்பாசிப் பழத்திலும் கரற்றிலும் உள்ள நிறப்பொருளை நமது உடல் இதுவாக மாற்றுகின்றது. நமது விழித்திரையிலே ஒளியை முதலில் ஏற்பதும் இதுவே. றொடொப்சின் என்னும் கட்புரதத்தின் மடியிலே இந்த ரெற்றினால் அமர்ந்திருக்கின்றது; ஒளி பட்டதும் வளைவு மாறுகின்றது; அதனாற் புரதமும் அசைகின்றது. விற்றமின் ஏ குன்றிய பிள்ளைக்கு மாலைக்கண் வருவது ஏன் என்பதும் இதனால் விளங்கும். மனிதன் காண்பதற்கும் குட்டைப் பாசி காண்பதற்கும் பொருள் ஒன்றே என்று பொஸ்ரரின் சோதனை காட்டிற்று. இதனை வகுப்பிலே சொல்லும்போது, "இது சோதனைக்கு வருமோ?" என்று கேட்கும் மாணவரும் உளர். வாராமலே போகலாம், அதனால் இதன் அழகு குறைந்துவிடாது.

கதவும் காவலனும் ஒன்றாதல்

பொருள் ஒன்றாயினும் வேலை செய்யும் முறை வேறு. நமது விழியில் றொடொப்சின் ஒரு வாயிற்காவலன் போன்றது. ஒளி பட்டதும் அது ஒரு புரதத்தைத் தட்டி எழுப்ப, அது மற்றொன்றை எழுப்ப, அது பிறிதொன்றை ஏவ, இறுதியிலேதான் கலத்தின் மென்சவ்விலுள்ள கதவுகள் அசைகின்றன. இத்தொடரிலே பல புரதங்கள் பங்கு கொள்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதானாலும் பார்வை கெடும்.

பாசியில் அவ்வாறன்று. ஜேர்மனியில் பீற்றர் ஹெகமான் என்பவர் பல்லாண்டுகள் இந்த ஒரே உயிரை வைத்துக்கொண்டு உழைத்தார். 1991-இல் அவரும் ஹாட்மன் ஹார்ஸ் என்பவரும், கட்புள்ளியில் ஒளி பட்டதும் கணப்பொழுதில் மின்னோட்டம் எழுவதை அளந்து காட்டினர். அந்த வேகத்தைக் கண்டு, ஒளியை ஏற்கும் புரதமும் மின்னோட்டத்துக்கு வழிவிடும் கதவும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்ற ஐயம் பிறந்தது. ஐயத்தை மெய்ப்பிக்க வேண்டுமாயின், அப்புரதத்துக்குரிய பரம்பரையலகைப் பிரித்தெடுத்து வேறோர் உயிரிலே இட்டுப் பார்க்க வேண்டும். பரம்பரையலகு என்று நாம் எழுதுவதை இளைஞர்கள் ஜீன் என்பர். ஒரு புரதத்தை எவ்வாறு கட்டுவது என்று கலத்துக்கு எழுதிவைத்த கட்டளை அது.

பிராங்பேட்டில் கேயோர்க் நாகெல், ஏர்ன்ஸ்ற் பாம்பேர்க் ஆகியோருடன் கூடி ஹெகமான் இதனைச் செய்தார். பாசியின் பரம்பரையலகைத் தவளை முட்டைக்குட் செலுத்தினர். ஒளியைப் பற்றி எதுவும் அறியாத அம்முட்டை, வெளிச்சம் பட்டதும் மின்னோட்டங் காட்டிற்று! 2002-இல் முதலாவது புரதமும், 2003-இல் இரண்டாவதும் வெளியாயின. சனல்றொடொப்சின் என்பது அவற்றின் பெயர். ஒளி பட்டால் திறக்கும், மறைந்தால் மூடும், திறந்திருக்கும்போது ஏற்றமுடைய அயன்கள் உள்ளே பாயும். கதவும் அதுவே, காவலனும் அதுவே. ஏவலாள் எவரும் வேண்டியதில்லை.

இவ்வினத்தின் முன்னோடி ஒன்று உப்பளத்திலிருந்து வந்தது என்பதையும் இங்கே சொல்லிவைப்போம். முற்றிய உப்புநீர் செந்நிறங் கொள்வதற்குக் காரணமான நுண்ணுயிர்களுள் ஒன்றிலே, றொடொப்சினை ஒத்த ஊதாநிறப் புரதம் இருப்பதை 1971-இல் டீற்றர் ஏஸ்ரஹெல்ற் என்பவர் தம் துணைவருடன் அறிவித்தார். 2021-இல் லாஸ்கர் பரிசு அவருக்கும் ஹெகமானுக்கும் அமெரிக்கரான கார்ல் டைசறோத்துக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. டைசறோத்தின் பங்கு என்னவெனில், எட்வேட் பொய்டன் முதலியோருடன் சேர்ந்து 2005-இல் இப்பாசிப் புரதத்தை நரம்புக்கலங்களிலே ஆக்குவித்து, ஒளியை மினுக்கி அவற்றை விரும்பியபடி இயக்கிக் காட்டியமை. நரம்புக்கலங்களுள் ஒருவகையை மாத்திரம் தனித்து இயக்கும் வழி வேண்டுமென்று பிரான்சிஸ் கிறிக் 1979-இல் எழுதியிருந்தார். அவ்வழி குட்டைநீரிற் கிடந்தது.

அணைந்த விளக்கு, அறாத கம்பி

இனி மனித விழிக்கு வருவோம். நமது விழித்திரையில் ஒளியை ஏற்கும் கலங்கள் இருவகை. மங்கிய ஒளியிற் பயன்படும் கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் கூம்புகள் ஏறத்தாழ 60 இலட்சம். இவை தரும் செய்தி இடைக்கலங்கள் வழியாகத் திரட்டுக்கலங்களை அடைகின்றது. திரட்டுக்கலங்களின் நீண்ட நார்கள், சுமார் 10 இலட்சம், ஒன்றாகத் திரண்டு பார்வை நரம்பாகி மூளைக்குச் செல்கின்றன.

ரெற்றினைற்றிஸ் பிக்மென்ரோசா என்று வைத்தியர் கூறும் நோய், கோல்களையும் கூம்புகளையும் கெடுப்பது. உலகிலே ஏறத்தாழ 4,000 பேருக்கு ஒருவருக்கு இது வருகின்றது. இளமையிலே மாலைக்கண்ணாகத் தொடங்கும். விற்றமின் குறைவால் வரும் மாலைக்கண் உணவினாலும் மருந்தினாலும் தீரும், இது தீராது. பின்பு பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கிக் குழாய்வழி பார்ப்பது போலாகும். வாசலில் நிற்பவரின் முகந் தெரியும். காலடியிற் கிடக்கும் கதிரை தெரியாது. பலருக்கு நடுவயதுக்குள் எஞ்சியதும் மங்கிப்போகும். ஆனால் இடைக்கலங்களும் திரட்டுக்கலங்களும் நெடுங்காலம் ஓரளவேனும் உயிரோடிருக்கின்றன. விளக்கு அணைந்துவிட்டது, கம்பி அறுந்துவிடவில்லை.

இது பரம்பரை நோய். இதனை உண்டாக்கவல்லவை ஒன்றிரண்டு அல்ல, 80-க்கு மேற்பட்ட பரம்பரையலகுகள். சில குடும்பங்களில் தலைமுறை தவறாது வரும். சிலவற்றில் தாய்வழியாக ஆண்மக்களைத் தாக்கும். பலவற்றில் தாயும் தந்தையும் நோயின்றியிருக்க, இருவரிடமிருந்தும் பழுதான கட்டளையைப் பெற்ற பிள்ளைக்கு மாத்திரம் வரும். இவ்விடத்தில் நம்மவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது நமக்குள் முறையான சம்பந்தம். அத்தகைய ஒன்றுவிட்ட உறவினர் இருவர், ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்த பரம்பரையலகுகளுள் சராசரி எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக உடையவர்கள். தமிழ்நாட்டிற் சில சமூகங்களில் நிகழும் தாய்மாமன் மணத்திலோ அது நான்கில் ஒன்று. மறைந்திருக்கும் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அங்ஙனம் கூடுகின்றது. சொந்தத்திற் செய்த விவாகங்களுட் பெரும்பாலானவற்றிற் பிள்ளைகள் குறையின்றியே பிறக்கின்றனர். அந்நியத்திற் செய்தவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு. ஆயினும் குடும்பத்திலே ஒருவருக்குப் பார்வை இவ்வாறு மங்கியிருந்தால், சம்பந்தம் பேசுமுன் வைத்தியரைக் கலந்துகொள்வது சாதகம் பார்ப்பதிலும் பயனுடையது என்பது எமது கருத்து.

எமது பழைய மாணவர் ஒருவருக்கு இந்நோய். இரவிலே துவிச்சக்கர வண்டியோட முடியாதுபோன நாளிலிருந்து அவருடைய தாயார் ஏறாத வைத்தியசாலை இல்லை. ஒருநாள் எம்மிடம் வந்து, "சேர், பாசியிலை இருந்து கண்ணுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டினமாம். நான் ஆறு மாசமாய்ப் பாசிக் குளிசை வாங்கிக் குடுக்கிறன். இன்னும் எவ்வளவு நாள் குடுக்கவேணும்?" என்று கேட்டார். குளிசைப் போத்தலையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதன் விலை, அவர் ஒரு மாதத்தில் உழைக்கும் கூலியில் ஒரு பெரும்பங்கு.

இத்தகைய கேள்விக்கு மறுமொழி கூறுவது எளிதன்று. அக்குளிசையில் இருந்தது சுருள்பாசி. கிளமிடோமோனசுவுக்கும் அதற்கும் உறவே இல்லை, அது பற்றீரியா இனத்தது. உறவு இருந்தாலும் பயனில்லை. நாம் உண்ணும் சோற்றிலும் கீரையிலும் மீனிலும் கோடிக்கணக்கான பரம்பரையலகுகள் உள்ளன. அவை யாவும் குடலிலே சீரணமாகிச் சிதைந்துபோகின்றன. இல்லையேல் நம்மிற் பலருக்கு இன்று செதில் முளைத்திருக்கும். வாயால் உண்ட பாசியின் பரம்பரையலகு ஒருபோதும் விழியை அடையாது. அதனை விழிக்குட் கொண்டு செல்வதற்கு வேறொரு வண்டி வேண்டும்.

வைரசு என்னும் வண்டி

பழுதான பரம்பரையலகுக்குப் பதிலாக நல்லதொன்றைக் கொடுத்து நோய் தீர்ப்பதே பரம்பரையலகுச் சிகிச்சை. அமெரிக்காவிலே 1990-இல் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றிய நான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அனுமதியுடன் இது தொடங்கப்பட்டது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1988-இல், எமது கிளமிடோமோனசு அதையொத்த ஒரு சிகிச்சையைப் பெற்றுவிட்டது என்பது பலர் அறியாத செய்தி. ஒளித்தொகுப்பு ஆற்றலை இழந்த விகாரப் பாசியின் பச்சையவுருமணிக்குள், நல்ல பரம்பரையலகு பூசிய உலோகத் துகள்களைத் துப்பாக்கி போன்ற கருவியாற் சுட்டுச் செலுத்தி, இழந்த ஆற்றலை மீட்டனர்.

மனித விழியைச் சுட முடியாது. அங்கே பயன்படுவது அடினோ-சார் வைரசு என்னும் மிகச் சிறிய வைரசு. அதன் குறுக்களவு ஏறத்தாழ 25 நனோமீற்றர். மனிதருக்கு நோய் செய்வதாக அறியப்படாதது. அதன் சொந்தக் கட்டளைகளை நீக்கிவிட்டு நமக்கு வேண்டியதை உள்ளே வைத்தால், தபாற்காரனைப்போல் அதனைக் கலத்துக்குட் சேர்ப்பிக்கும். 2017 டிசெம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்த லக்ஸ்ரேர்னா என்னும் மருந்து இவ்வகையினது. ஆர்.பி.ஈ. 65 என்ற ஒரே பரம்பரையலகு பழுதானவர்களுக்கு, பார்வைக் கலங்கள் இறந்துபோகுமுன் அது கொடுக்கப்படுகின்றது. இரு கண்களுக்கும் விலை 8,50,000 அமெரிக்க டொலர் என்று அறிவிக்கப்பட்டது. 80-க்கு மேற்பட்ட பரம்பரையலகுகளுள் ஒன்றுக்கு இந்த விலை! மற்றவை பழுதானவர்களுக்கும், கோல்களும் கூம்புகளும் முற்றாக இறந்துவிட்டவர்களுக்கும் அது உதவாது. இறந்த கலத்துக்குக் கட்டளை எழுதிப் பயன் என்ன?

இந்த இடத்திலேதான் பாசிப் புரதத்தின் தனிச்சிறப்பு விளங்குகின்றது. அமெரிக்காவின் டிற்றொயிற் நகரிலுள்ள வெயின் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுவோ-ஹுவா பான் என்னும் அறிஞர் எளிமையானதொரு வினாவை எழுப்பினார். விளக்கு அணைந்துவிட்டதாயின், கம்பியையே விளக்காக்கினால் என்ன? ஒளியை அறியாத திரட்டுக்கலத்துக்குப் பாசியின் கதவைக் கொடுத்தால், அது தானே ஒளியை உணர்ந்து தானே மூளைக்குச் செய்தி அனுப்பாதோ? வேறு புரதத் தொடர் வேண்டியதில்லை. ரெற்றினால் விழியிலேயே உண்டு. எந்தப் பரம்பரையலகு பழுதாகி நோய் வந்தது என்ற கேள்வியும் இல்லை. பாசியின் பரம்பரையலகோ ஏறத்தாழ ஆயிரம் எழுத்து நீளமே. 4,700 எழுத்தளவே இடமுள்ள அந்தச் சிறு வைரசுக்கு அது பாரமுமன்று. 2006-இல் அவரும் துணைவரும், ஒளிக்கலங்கள் இறந்துபோன எலிகளின் விழித்திரை மீண்டும் ஒளிக்கு இணங்கி மூளைக்குச் செய்தி விடுவதைக் காட்டினர். 2016-இல் அமெரிக்காவிலே முதன்முறையாக மனித விழிக்கு இவ்வகைச் சிகிச்சை செய்யப்பட்டது.

மேசையிலிருந்த புத்தகம்

பயன் கண்டதாக முதலில் விரிவாக வெளிவந்த செய்தி பாரிஸ் நகரத்தினது. ஜோசே-அலன் சாகெல், பொட்டொன்ட் றொஸ்கா ஆகியோர் தலைமையிலான குழு 2021 மே மாதத்தில் அதனை வெளியிட்டது. நோயாளி 58 வயதினர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டவர். வெளிச்சம் உண்டா இல்லையா என்பதற்குமேல் எதுவும் அறியாதவர். இருகண்களுள் மோசமான கண்ணிலே வைரசு ஊசிமூலம் செலுத்தப்பட்டது. இம்முறை எடுத்தாண்டது நமது கிளமிடோமோனசுவின் ஒன்றுவிட்ட சகோதரமாகிய கிளமிடோமோனசு நொக்ரிகாமா என்னும் பாசியின் புரதத்தைச் சற்றே திருத்தியது. முந்திய புரதம் நீல ஒளிக்கே இணங்கும்; கடுமையான நீல ஒளி விழித்திரைக்குத் தீங்கு. இதுவோ 595 நனோமீற்றர் அலைநீளமுள்ள செம்மஞ்சள் ஒளிக்கு இணங்குவது.

ஊசி ஏற்றியதும் கண் திறந்துவிடவில்லை. கலங்கள் புதிய புரதத்தை ஆக்குவதற்கு மாதங்கள் வேண்டும். நாலரை மாதங் கழித்தே பயிற்சி தொடங்கிற்று. அதற்கெனச் செய்த கண்ணாடி ஒன்றை அவர் அணிய வேண்டும். அதிலுள்ள படக்கருவி முன்னேயுள்ள காட்சியில் ஒளி மாறும் இடங்களை மாத்திரம் குறித்து, அவற்றைச் செம்மஞ்சள் ஒளித் துடிப்புகளாக விழித்திரைமேல் எறியும். பயிற்சி தொடங்கி ஏழு மாதஞ் சென்றபின், தெருவிலே பாதசாரிகள் கடக்கும் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றன என்று அவர் கூறினார். பின்பு ஆய்வுகூடத்தில் வெள்ளை மேசைமேல் ஒரு குறிப்புப் புத்தகத்தை வைத்துத் தொடச் சொன்னார்கள். நூற்றுக்கு 92 முறை சரியாகத் தொட்டார். சிறிய பெட்டியொன்றை வைத்தபோது 36 முறையே. கண்ணாடிக் குவளைகளை எண்ணச் சொன்னபோது நூற்றுக்கு 63. கண்ணாடியைக் கழற்றியதும் இவற்றுள் எதுவும் இயலவில்லை.

முகத்தை அவர் காணவில்லை; எழுத்தை வாசிக்கவில்லை; நிறம் அறியவில்லை. இதனை மறைத்து "குருடர் பார்த்தார்" என்று மாத்திரம் தலைப்பிட்ட பத்திரிகைகளை நாம் பாராட்டுவதற்கில்லை. ஆயினும் மேசையிலிருந்த புத்தகத்தை நோக்கித் தயங்காது கை நீட்டுவது, பல்லாண்டு இருளிலிருந்தவருக்கு எத்தகையது என்பதை நாம் வெளிச்சத்திலிருந்துகொண்டு அளத்தல் கூடாது.

சிறப்புக் கண்ணாடி எதற்காக? நமது கோல்கலத்திலே ஒளியின் ஒரேயொரு துணிக்கை பட்டாலும், முன்கூறிய ஏவலாளர் வரிசை அதனை நூறு மடங்கு ஆயிரம் மடங்காகப் பெருக்கிவிடும். பாசியின் கதவு எதனையும் பெருக்குவதில்லை. ஒரு கதவு திறந்தால் ஒரு கதவளவே அயன் புகும். ஏவலாளர் இல்லாமை அதன் வசதி. அதுவே அதன் குறையும். ஆகையால் வீதியிலும் வீட்டிலும் உள்ள சாதாரண வெளிச்சம் அதற்குப் போதாது. பெருக்கிய வெளிச்சத்தை எறிய வேண்டியிருக்கின்றது. அன்றியும், கோல் கூம்புகளுக்கும் திரட்டுக்கலத்துக்கும் இடையே இருந்து, விளிம்பையும் அசைவையும் நிறத்தையும் பிரித்தறிந்த இடைக்கலங்களின் வேலை இங்கே இல்லாமற் போகின்றது. மூளை ஒரு புதுமொழியைக் கற்பதுபோல் இச்செய்தியைக் கற்க வேண்டியிருக்கின்றது. அதனாலேதான் அத்தனை மாதப் பயிற்சி. சிறு வெளிச்சத்துக்கும் திறக்கும் புரதங்களைத் தேடுவதிலும், திரட்டுக்கலத்தை விட்டு இடைக்கலத்திலேயே கதவை அமைப்பதிலும் ஆய்வாளர் ஈடுபட்டனர்.

தாயாருக்கு நாம் இவற்றையெல்லாம் விரித்துரைக்கவில்லை. "அம்மா, குளிசையை நிற்பாட்டுங்கோ. அந்தக் காசிலை தம்பிக்கு எந்தப் பரம்பரையலகிலை பழுதெண்டு பாக்கிற இரத்தச் சோதனையைப் பற்றிக் கண் டொக்டரிட்டைக் கேளுங்கோ" என்றோம். எந்தப் பழுது என்று தெரிந்தாலன்றி, அவருக்கு ஏற்ற சிகிச்சை வரும்போது அதனை அறிந்துகொள்ளவும் இயலாது. இந்நோயினருக்குக் கண்புரையும் சேர்ந்து வருவதுண்டு. அதனை அகற்றினால் எஞ்சிய பார்வை தெளிவடையலாம். ஆகையால் வைத்தியரிடம் போவதை நிறுத்தலாகாது. விற்றமின் ஏ-யைத் தாமாக அளவுமீறி உண்பதும் கூடாது. அது ஈரலைக் கெடுக்கும். வெள்ளைப் பிரம்பு பிடிக்கவும் பிறெயில் எழுத்து வாசிக்கவும் பார்வை எஞ்சியிருக்கும்போதே பழகிக்கொள்வது நன்று என்றும் சொன்னோம். அது மாத்திரம் அவருக்குப் பிடிக்கவில்லை. மகனுக்குப் பிடித்திருந்தது, இப்பொழுது பழகுகின்றார்.

கட்புள்ளியைப் போலவே சவுக்குமுளையும் வைத்தியத்துக்கு உதவியுள்ளது. அதன் உட்புறத்தே சரக்குகள் மேலுங் கீழும் கொண்டுசெல்லப்படுவதை 1993-இல் யேல் பல்கலைக்கழகத்தார் கிளமிடோமோனசுவிலே கண்டனர். நமது சிறுநீரகக் கலங்களிலும் விழியின் கோல்களிலும் அதேபோன்ற நுண்மயிர் அமைப்புண்டு. அச்சரக்குப் போக்குவரத்துத் தடைப்படுவதே சில பரம்பரைச் சிறுநீரக நோய்களுக்கும் சில வகை விழித்திரை நோய்களுக்கும் காரணம் என்பது அதன்பின் தெளிந்தது.

விழியோடு நில்லாமற் செவிக்கும் இப்புரதம் சென்றிருக்கின்றது. காது கேளாதோருக்கு உட்செவியிலே வைக்கும் மின்கருவியில், மின்சாரம் பக்கத்துக்குப் பக்கம் பரவுவதாற் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்துபோகும். பேச்சு விளங்கும், சங்கீதம் விளங்குவது அரிது. ஒளியை ஒரு புள்ளியிலே குவிக்கலாம் ஆதலால், உட்செவி நரம்பை ஒளிக்கு இணங்கச் செய்யலாமா என்று ஜேர்மனியின் கேற்றிங்கன் நகரத்தில் ரோபியாஸ் மோசர் குழுவினர் ஆராய்ந்தனர். செவிடாக்கப்பட்ட சேர்பில் என்னும் பாலைநில எலிகளுக்குப் பாசியின் பரம்பரையலகைச் செலுத்தி, உட்செவியில் நுண்ணிய ஒளியிழையைப் பொருத்தினர். ஒளி மினுங்கியதும், ஓசை கேட்டதற்கு அறிகுறியாக அவை தாம் பழகிய செயலைச் செய்ததை 2018-இல் அவர்கள் அறிவித்தனர்.